தொமியேவின் முப்பத்தொரு வயது மூளை

தொமியேவுக்கு வயது எழுபத்தொன்பது. அவளுடைய மூளைக்கு வயது முப்பத்தொன்று. இதைச் சொன்னது அவள் இல்லை, அவளுடைய கைபேசி. அதில் ஒரு செயலி இருக்கிறது. தினமும் காலையில் மூன்று விளையாட்டு வைக்கும். முடிந்ததும் மேளம் கொட்டி மூளைக்கு என்ன வயது என்று அறிவிக்கும். அறிவித்த கையோடு ஒசாக்காவில் இருக்கும் மகன் ஷுஜிக்கும் அனுப்பிவிடும். ரயிலில் நசுங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் ஷுஜி அதைப் பார்த்துப் பூரித்துப் போவான். மேலாளரிடம் காட்டுவான். மேலாளர் தன் அம்மாவுக்கும் அதே செயலியை ஏற்றிக் கொடுத்தாராம். பாவம் அந்த அம்மா, அவள் ஒரே ஆள்.

தொமியே மூன்று ஆள். அந்த மூன்றில் அவள் கிடையாது.

அவளுடைய மலையூரான குரோஉராவில் இப்போது மிஞ்சியிருப்பது பதினோரு வீடு. கடைசிக் கடையைப் பூட்டி ஆறு வருஷம், பேருந்தை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. கணவாயைத் தாண்டி நகரத்துக்குப் போனால்தான் தோஃபு உண்டு, பல் மருத்துவர் உண்டு, புதன்கிழமை வெந்நீர் ஊற்றுக் குளியலும் உண்டு. அந்தப் பதினேழு வளைவுச் சாலையில் வண்டி ஓட்டும் பெண்பிள்ளை ஊரில் தொமியே ஒருத்திதான். அவளுடைய வெள்ளைக் குட்டிக் காரில் நாலு இருக்கை. ஒன்று அவளுக்கு. மற்ற மூன்றையும் அவளுடைய தோழிகள் யோனே, சத்சு, கிக்குனோ மூவரும் பட்டா போட்டு வாங்கிய மாதிரி வைத்திருக்கிறார்கள். அவரவர் இருக்கையில் அவரவர் மெத்தைகூட உண்டு. மாற்றி உட்கார்ந்தால் சண்டை.

ஆகவே ஆகஸ்டில் முன்னோரைக் கும்பிடும் ஓபோன் விடுமுறைக்கு வந்த ஷுஜி நிபந்தனை போட்டபோது ஆடிப்போனது ஒரு பெண் மட்டும் இல்லை, நாலு பெண்கள்.

ஷுஜி கெட்டவன் இல்லை, பயந்தவன். நாட்டில் எங்கோ ஒரு கிழவர் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்துக் கடைக்குள் புகுந்துவிட்டார் என்று செய்தி வந்தால் போதும், அடுத்த நிமிஷம் அம்மாவுக்கு போன் வரும். ஓபோனுக்கு வந்தவன் ரயிலடியில் காத்திருந்த அம்மாவின் காரில் ஏறாமல் டாக்சி பிடித்தான். அவள் வெறும் காரை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். பதினேழு வளைவிலும் டாக்சியின் பின்கண்ணாடியில் மகனுடைய தலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அது அவளுக்கு வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

“நவம்பர்ல உரிமத்தப் புதுப்பிக்கணும்ல? அதுக்கு மறதிப் பரிட்சை வேற வைப்பாங்க,” என்றான் ஷுஜி, தர்பூசணியைக் கடித்துக்கொண்டே. “அதுவரைக்கும் தினமும் இத விளையாடும்மா. மூளை வயசு எண்பதுக்கு மேல மூணு நாள் தொடர்ந்து வந்துச்சுன்னா, பரிட்சைக்கே போக வேணாம். சாவிய எங்கிட்டக் குடுத்துடு. உரிமத்த நாமளே திருப்பிக் குடுத்துடலாம்.”

“வரலன்னா?”

“வரலன்னா நான் வாயே தெறக்கல.”

உரிமத்தைத் தானாகத் திருப்பிக் கொடுப்பவர்களுக்கு நகராட்சி ஒரு பாராட்டுத் தாளும் ஒரு கட்டு டாக்சிச் சீட்டும் தரும். குரோஉராவுக்கு ஒரு தடவை டாக்சி வந்து போனாலே அந்தக் கட்டில் பாதி தீர்ந்துவிடும். இரண்டு தடவை குளிக்கலாம். அதற்குப் பிறகு பாராட்டுத் தாளை வைத்து விசிறிக்கொள்ள வேண்டியதுதான்.

ஷுஜி ஊருக்குப் போன மறுநாள் தொமியே தனியாக உட்கார்ந்து விளையாடினாள். எண்பத்து மூன்று என்றது. எங்கே தொடுவது என்று தெரியாமல் போனதால்தான் என்று சமாதானம் செய்துகொண்டாள். இரண்டாம் நாள் எண்பத்திரண்டு. மூன்றாம் நாள் விடிந்ததும் கைபேசியைச் சமையல் துணியில் சுற்றிக்கொண்டு யோனேயின் வீட்டுக்கு ஓடினாள்.

யோனே அந்தக் காலத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவள். கடை போய்விட்டது, சுழல் நாற்காலி மட்டும் முன்னறையில் இருக்கிறது. அதில்தான் ஊர்ப் பஞ்சாயத்து எல்லாம் நடக்கும். சத்சுவும் கிக்குனோவும் ஏற்கெனவே அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“எண்பத்திரண்டா?” என்று யோனே கைபேசியைப் பிடுங்கிப் பார்த்தாள். “ஏண்டி, உன் வீட்டுக்காரர் போனப்பகூட நீ மூஞ்சிய இப்படித் தொங்கப் போடலையே.”

“இன்னிக்கும் எண்பதுக்கு மேல வந்தா சாவி போச்சு. அப்புறம் நாலு பேரும் வீட்டுத் தொட்டியிலயே குளிக்க வேண்டியதுதான்.”

அவ்வளவுதான். மூன்று கிழவிகளும் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

முதல் விளையாட்டு கணக்கு. சத்சு நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு மணிச்சட்டம் சொல்லிக் கொடுத்தவள். அவளுக்குச் சட்டம்கூட வேண்டாம். காற்றில் நாலு தடவை விரலை ஆட்டினால் விடை வந்து விழும். இரண்டாவது கண்ணுக்கு. திரையின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளியை வெறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு காக்கை தலைகாட்டி மறைவதற்குள் அதைத் தொட வேண்டும். கிக்குனோ ஆரஞ்சுக் கூட்டுறவுச் சங்கத்தில் ஐம்பது வருஷம் பழம் பொறுக்கியவள். ஓடுகிற பட்டையில் இந்தப் பக்கம் பேசிக்கொண்டே அந்தப் பக்கம் வரும் சொத்தையைத் தூக்கி எறிவாள். போன வருஷம் கண்புரை எடுத்துப் புது லென்ஸ் வேறு வைத்திருக்கிறாள். அதன் பிறகு ஊரில் யார் வீட்டுக் கொடியில் எந்தச் சட்டைக்குப் பொத்தான் இல்லை என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். மூன்றாவது, பதினாறு படம் காட்டி மறைத்துவிட்டு என்னென்ன பார்த்தாய் என்று கேட்பது. யோனே எதையும் மறந்ததாகச் சரித்திரமே இல்லை. முப்பது வருஷம் முன்னால் அவள் நாற்காலியில் உட்கார்ந்து யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதை இப்போது கேட்டாலும் தேதியோடு ஒப்பிப்பாள். அதனால் பல குடும்பங்கள் அவளைக் கண்டால் குனிந்து வணங்கிவிட்டுப் போகும்.

தொமியேவின் பங்கு, ‘தொடங்கு’ என்ற பொத்தானை அழுத்துவது.

அன்றைக்கு வந்தது அறுபத்தாறு. நாலு பேரும் கைதட்டினார்கள். மறுநாள் அறுபது. செப்டம்பர் முடிவதற்குள் நாற்பத்தெட்டு. தொமியேவுக்கு மெல்லப் பயம் பிடித்தது.

“கொஞ்சம் தப்பாப் போடுங்கடி. எழுபத்தஞ்சுன்னு வந்தாப் போதும்.”

“தெரிஞ்ச கணக்குக்குத் தப்பு விடையா?” சத்சு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நான் செத்தப்புறம் போடறேன்.”

“நீயாவது ஒரு காக்காவ விடேன், கிக்குனோ.”

“கண்ணுல பட்டுடுச்சே. பட்டா கை தானா போகுது. நான் என்ன பண்ணட்டும்?”

“அவளுக ரெண்டு பேரும் விட்டுக் குடுத்தா நானும் ஒரு படத்த மறக்கறேன்,” என்றாள் யோனே. “நான் மட்டும் மறந்தா நாளைக்கு என்னைப் பத்தி ஊர்ல என்ன சொல்லுவாங்க?”

பதினோரு வீட்டு ஊரில் சொல்வதற்கு ஆள் யார் இருக்கிறார்கள் என்று தொமியே கேட்கவில்லை. கேட்டுப் பயனும் இல்லை. இந்த வயதில் யாரும் யாருக்காகவும் தோற்கத் தயாராக இல்லை. அக்டோபர் கடைசியில் மூளை வயது முப்பத்தொன்றில் வந்து நின்றது.

“அம்மா, நீ என்னைவிட இருபது வயசு சின்னவ!” என்று ஷுஜி போனில் கத்தினான். அவன் குரலில் இவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது. தொமியேவும் “ஆமாண்டா” என்று சிரித்தாள். போனை வைத்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பொய் சொன்னதுகூட அவளுக்குப் பெரிதாக உறுத்தவில்லை. மகனிடம் பொய் சொல்லாத தாய் எந்த ஊரில் இருக்கிறாள்? உறுத்தியது வேறு. எண்பத்திரண்டுக்குப் பிறகு தன் தலைக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்கே தெரியாது. ஊருக்கு முப்பத்தொன்று, உள்ளே எத்தனையோ. பரிட்சை அறையில் மணிச்சட்டமும் புது லென்ஸும் கூட வராது. அங்கே ‘தொடங்கு’ என்பதை வேறு யாரோ சொல்வார்கள், மீதியெல்லாம் இவள்தான் செய்தாக வேண்டும்.

பரிட்சை நவம்பர் பதினாலு, வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணி, நகரத்தில் ஒரு டிரைவிங் பள்ளியில். அன்றைக்கு விட்டால் அடுத்த இடம் ஜனவரியில்தான் என்று சொல்லியிருந்தார்கள். உரிமமோ டிசம்பர் முதல் வாரத்தோடு சரி.

அன்று காலை ஆறு மணிக்கே தொமியே எழுந்துவிட்டாள். பல்லைக்கூட எடுத்து மாட்டாமல், குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குட்டி முக்காலியில் உட்கார்ந்தாள். சாத்தாவிட்டால் யோனே வாசனை பிடித்து வந்துவிடுவாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக, தொடங்கு என்பதை அழுத்தியவளே தொடர்ந்து விளையாடினாள்.

கணக்கில் திணறினாள். ஆறையும் ஏழையும் கூட்டும்போது சத்சுவின் விரல்தான் ஞாபகத்துக்கு வந்தது, விடை வரவில்லை. காக்கை பரவாயில்லை, வளைவில் சைக்கிள் வருகிறதா என்று பார்த்துப் பழகிய கண், பாதிக்கு மேல் பிடித்துவிட்டது. படங்களில் பதினாறுக்கு ஒன்பது. மேளம் கொட்டியது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்த்தாள்.

எழுபத்தேழு.

தொமியே முக்காலியிலிருந்து குதித்தாள். எழுபத்தொன்பது வயதில் குதிக்கக் கூடாதுதான், குதித்தாள். நேரே போய் வீட்டுக்காரரின் படத்துக்கு முன்னால் மணியை அடித்துக் கைகூப்பினாள். “ஹேட்டீங்களா? எழுபத்தேழு!” என்றாள். பல் இல்லாத வாயில் அப்படித்தான் வந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அறிவித்த கையோடு அது மகனுக்கும் போகும் என்பது அந்தச் சந்தோஷத்தில் மறந்தே போனது.

ஒசாக்காவில் ஷுஜியின் கைபேசி சிவப்பாக எரிந்தது. ஒரே நாளில் நாற்பத்தாறு வயது சரிவு, உடனே கவனிக்கவும் என்று அந்தச் செயலி அலறியது. பக்கவாதமோ என்று பயந்து, அவன் பாதி மழித்த தாடையோடு வீடியோவில் அம்மாவை அழைத்தான்.

“அம்மா! சிரி!”

விடிந்தும் விடியாமல் மகன் சிரி என்றால் எந்தத் தாய் மாட்டேன் என்பாள்? அதுவும் அன்றைக்கு. வாய் நிறையச் சிரித்தாள்.

“ஐயோ, வாய் ஒரு பக்கமா போகுது! ரெண்டு கையையும் தூக்கு!”

ஒரு கையில் கைபேசி இருந்தது. மற்றதைத் தூக்கினாள்.

“இன்னொரு கை? இன்னொரு கை வரலையா?”

“ஃபோனு ஹைல இருக்குடா, ஹுஜி.”

“பேச்சு குழறுது!” என்று ஷுஜி அலறியது கேட்டது. அப்புறம் திரை இருண்டுவிட்டது.

இருபத்தைந்து நிமிஷத்தில் கணவாய்ப் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் ஊளையிட்டுக்கொண்டு வந்து, தொமியேவின் காருக்கு முன்னால் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஷுஜி போன் போட்டுக் கிளப்பியதில் யோனே, சத்சு, கிக்குனோ மூவரும் தோட்டத்துக் கால்சட்டையோடு ஓடி வந்து சேர்ந்தார்கள். தொமியே பல்லை மாட்டி, பரிட்சைக்கென்று எடுத்து வைத்த நல்ல கோட்டையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஆம்புலன்ஸ் குழுவின் தலைவர் நாற்பது வயதுக்காரர். தலைக்கவசத்தோடு முட்டிபோட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார்.

“பாட்டிம்மா, பதறாதீங்க. எங்கிட்டப் பேசுங்க. இன்னிக்கு என்ன தேதி?”

“யாருக்கு யாரு பாட்டி? நவம்பர் பதினாலு, வெள்ளிக்கிழமை. ஒன்றரை மணிக்கு எனக்கு டிரைவிங் ஸ்கூல்ல பரிட்சை. நீ வண்டிய நிறுத்தியிருக்கறது என் காருக்கு முன்னாடி. எடு.”

அவர் ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணில் விளக்கடித்தார், நெற்றியைச் சொறிந்தார். யோனேயின் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டார். “சார், உங்கம்மா நல்லா இருக்காங்க. என்னையே அதட்டறாங்க.”

“நல்லா இல்ல சார்!” ஷுஜியின் குரல் வாசல் முழுக்கக் கேட்டது. “நேத்து வரைக்கும் முப்பத்தொன்னு. இன்னிக்கு எழுபத்தேழு. தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருந்தா? ஸ்கேன் எடுக்காம விடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்.”

“முப்பத்தொன்னா?” தலைவர் தொமியேவை மேலும் கீழும் பார்த்தார். “எனக்கே நாப்பது.”

ஆம்புலன்ஸிலிருந்து தள்ளுபடுக்கை இறங்கியது. வீட்டார் இவ்வளவு சொல்லும்போது விட்டுவிட்டுப் போக முடியாது, ஸ்கேன் முடிய எப்படியும் சாயங்காலம் ஆகும் என்றார். தொமியேவுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டு படுத்தால் மகனிடம் மானம் மிஞ்சும், பரிட்சை போகும். வாயைத் திறந்தால் பரிட்சைக்குப் போகலாம், மகன் இனி எதையும் நம்பமாட்டான். யோனே பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கிள்ளினாள். சொல்லாதே என்று அர்த்தம்.

“ஷுஜி,” என்றாள் தொமியே. “அந்த முப்பத்தொன்னு என்னோடது இல்ல.”

“என்னம்மா உளர்ற? சார், உளர்றாங்க சார்!”

“உளறல. மூணு மாசமா நான் விளையாடவே இல்ல. இவளுக விளையாடினாளுக.”

  சத்சுதான் முதலில் பொறுமையிழந்தாள். தலைவரின் கையோடு போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

“கணக்கு நான். மூணு மாசத்துல ஒரு தப்பு கிடையாது. அதையும் தெரிஞ்சுக்கோ. உங்கம்மா கணக்கு எப்படின்னுதான் உனக்கே தெரியுமே.”

“காக்கா நான்,” என்றாள் கிக்குனோ.

“படம் நான். நேத்து வந்த பதினாறையும் இப்பச் சொல்லவா? பீரங்கி, முயல், ரம்பம், தக்காளி…”

“வேணாம் அத்தை,” என்றான் ஷுஜி.

 “மூணு மாசம்மா. தினமும் ரயில்ல அதப் பாத்துட்டுதான் அன்னிக்குப் பொழுதே எனக்கு. ஆபீஸ் பூரா சொல்லி வச்சிருக்கேன்.” அவன் குரல் உடைந்தது. தொமியேவுக்குக் காது இரண்டும் எரிந்தன. சின்ன வயதில் அவன் விடைத்தாளில் அம்மாவின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு வந்தபோது இவள் அவனை அடித்திருக்கிறாள்.

“அப்ப இன்னிக்கு வந்தது?”

“அது நான். நான் மட்டும். இவளுகளுக்குக்கூடத் தெரியாது.”

“எழுபத்தேழு.”

“எனக்கு எழுபத்தொன்பதுடா.” அவளால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை, அழாமலும் இருக்க முடியவில்லை. “ரெண்டு வயசு கம்மி. அந்த ரெண்டு வயசு என் சொந்தம்.”

தலைவர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். “சார், மூணு பேர் சேர்ந்து ஒருத்தருக்குப் பரிட்சை எழுதினதுக்கு ஆஸ்பத்திரில வார்டு கிடையாது. நாங்க கிளம்பறோம்,” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். வண்டியில் ஏறும்போது கிக்குனோவைப் பார்த்து, “அந்தக் காக்கா எனக்கு ஒரு தடவகூடச் சிக்கினதில்லம்மா,” என்றார். தொமியே பின்னால் ஓடிப்போய், இவ்வளவு தூரம் அலையவிட்டதற்கு இடுப்பு மடியக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் அவளே வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். மூவரும் கூடப் போனார்கள். வராதே என்றால் கேட்கிற ஆட்களா? பள்ளியின் காத்திருக்கும் அறையில் அவர்கள் ஆளுக்கொரு டப்பியில் காபி குடித்துக்கொண்டிருக்க, உள்ளே பதினெட்டுக் கிழவன் கிழவிகளோடு தொமியே குனிந்து எழுதினாள். பதினாறு படத்தில் பத்து எழுதினாள். துப்புக் கொடுத்தபோது இன்னும் ஐந்து வந்தது. ‘வாத்தியக் கருவி’ என்று துப்புக் கொடுத்த படம் மட்டும் கடைசிவரைக்கும் வரவில்லை. பக்கத்துக் கிழவர் மேஜையில் விரலால் கொட்டி ஏதோ ஜாடை காட்டினார், கண்காணிப்பவர் அவரை முறைத்தார்.

அரை மணி கழித்துத் தாள் கொடுத்தார்கள். மறதி நோய் இருக்கலாம் என்ற வரம்புக்குள் வரவில்லை என்று ஒரே வரி. மூன்று பேரும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

“நம்பர் எங்கடி?”

“நம்பர் இல்லையாம்.”

“நம்பர் இல்லாம ஒரு பரிட்சையா!” சத்சுவுக்கு அரசாங்கத்தின் மேல் இருந்த கொஞ்ச மரியாதையும் போனது.

போனில் ஷுஜியும் அதையேதான் கேட்டான். “எத்தனை மார்க்கும்மா? எத்தனை வயசுன்னாவது போட்டிருக்கா?”

“பயப்படற அளவுக்கு இல்லன்னு போட்டிருக்கு.”

“அத வச்சுகிட்டு நான் என்னன்னு முடிவு பண்றது?”

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போது பொங்கிவிட்டது. பள்ளிக்காரர்கள் பார்க்கிறார்கள் என்பதையும் மறந்து தொமியே கத்தினாள்.

“நம்பர், நம்பர்! மூணு மாசம் நம்பர் பாத்தியே, யாரடா பாத்த? சத்சுவப் பாத்த. கிக்குனோவப் பாத்த. என்னப் பாத்தியா? ஓபோனுக்கு வந்து டாக்சில ஏறிப் போன. நான் பின்னாடியே உன் தலையப் பாத்துகிட்டு வந்தேன், தெரியுமா உனக்கு? ஒரு நாள் வந்து என் பக்கத்துல உக்காரு. பதினேழு வளைவும் வா. வந்துட்டு அப்புறம் சாவியக் கேளு. நீ கேட்டா, வாய் பேசாமக் குடுத்துடறேன்.”

ஷுஜி புதன்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு, செவ்வாய் ராத்திரி கடைசி ரயிலில் இறங்கி டாக்சியில் வந்து சேர்ந்தான். அவன் விடுப்புப் போட்டான் என்பதையே மூன்று பேரும் நம்பவில்லை. மறுநாள் காலையில் எல்லோருமாகப் பதினேழு வளைவையும் தாண்டி நகரத்துக் குளியலுக்குப் போவதென்று ஏற்பாடு. காரில் நாலு இருக்கை, ஆள் ஐந்து. வாசலில் கல், காகிதம், கத்தரி போட்டுப் பார்த்ததில் கிக்குனோ தோற்றாள். ‘கை நீட்டறதுக்கு முன்னாடியே யோனே என்ன போடப் போறான்னு பாத்துட்டேன், பாவமேன்னு விட்டேன்’ என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஷுஜி முன் இருக்கையில் முழங்காலைத் தாடைக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்தான். மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.  நாலாவது வளைவில் தொமியே இடப்பக்கத் திருப்பு விளக்கை அணைக்க மறந்து ஐந்தாவது வரைக்கும் போனாள். “டிக்டிக், டிக்டிக்,” என்று பின்னாலிருந்து யோனே சொன்னதும் அணைத்தாள். ஷுஜி அதைக் கவனித்தான் என்பதையும் அவள் கவனித்தாள். பதினோராவது வளைவுக்கு முன்னால் ஒரு காரணமும் இல்லாமல் வண்டியை நிறுத்தினாள்.

“என்னாச்சும்மா? மறந்துட்டியா? வலது பக்கம்மா, வலது பக்கம்!”

புதரிலிருந்து ஒரு காட்டுப்பன்றி வந்தது. அதன் பின்னால் ஐந்து குட்டிகள் வரிசையாக, அவசரமே இல்லாமல், சாலையைக் கடந்து போயின. ஷுஜி கைப்பிடியிலிருந்து ஒரு கையை மெல்ல எடுத்தான்.

குளித்துவிட்டு, சிவந்த முகத்தோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் பால் குடித்தார்கள். யோனேயும் சத்சுவும் இன்னும் உள்ளே ஊறிக்கொண்டிருந்தார்கள். தொமியே சாவியை எடுத்து இருவருக்கும் நடுவில் பெஞ்சின் மேல் வைத்தாள்.

“ஒண்ணு சொல்லணும்,” என்றாள். “அந்த ஆப் சொல்லாதது. போன மாசம் சூப்பர் மார்க்கெட் வாசல்ல கார எங்க விட்டேன்னு தெரியல. அரை மணி நேரம் தேடினேன். இவளுக உள்ள மீன் வாங்கிட்டு இருந்தாளுக. வந்து கேட்டப்ப, சும்மா காலாற நடந்தேன்னு சொல்லிட்டேன். ரொம்பப் பயந்துட்டேன்டா.”

ஷுஜி பால் புட்டியின் மூடியை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு சாவியை எடுத்துக்கொண்டான்.  சொன்ன சொல்லை மீற முடியாது, தொமியே கையைக் கட்டிக்கொண்டாள்.

“திரும்பிப் போறப்ப நான் ஓட்டறேன்,” என்றான்.

அவனிடம் உரிமம் உண்டு. அதுவும் தங்கக் கோடு போட்டது. வருஷக்கணக்காக ஒரு தவறும் செய்யாதவர்களுக்குத்தான் அதைத் தருவார்கள். ஷுஜி தவறு செய்ததே இல்லை. கல்லூரி முடித்து உரிமம் வாங்கிய நாளிலிருந்து அவன் வண்டியையே தொட்டதில்லை. தொமியேவின் உரிமத்தில் இருப்பது வெறும் நீலக் கோடு.

அவன் இருக்கையைப் பின்னால் தள்ளினான், கண்ணாடியைச் சரிசெய்தான், பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். யோனேயும் சத்சுவும் பின்னால் ஏறி, வழக்கத்துக்கு மாறாக, பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்கள். விளக்கைப் போடப் போனான், மழையில்லாத கண்ணாடியில் துடைப்பான் ஆடியது. பின்னால் எடுக்க வேண்டிய வண்டி முன்னால் துள்ளி, செடித்தொட்டிக்கு ஒரு விரல் இடைவெளியில் நின்றது.

“இப்ப சக்கரத்த இப்படி ஒடி,” என்றாள் சத்சு.

“எப்படி ஒடிக்கறதுன்னு நீ சொல்லாத, உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?” என்றாள் யோனே. “ஷுஜி, உங்கப்பா மொத மொத ஓட்டினப்பவும் இதே மூஞ்சிதான். வருஷம்கூடச் சொல்லவா?”

 தொமியே உதட்டைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். ஷுஜி இன்ஜினை அணைத்தான். நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு வந்து, அம்மாவின் பக்கத்துக் கதவைத் திறந்து சாவியை நீட்டினான்.

“நீயே ஓட்டும்மா.”

அவள் வாங்கிக்கொண்டாள். அவன் கதவை விடாமல் குனிந்து நின்றான்.

“அடுத்த தடவ கார எங்க விட்டேன்னு தெரியலன்னா, பேசாம நின்ன எடத்துலயே நில்லு. நின்னு, எனக்கு போன் பண்ணு.”

“பண்ணா? ஒசாக்காலேர்ந்து நீ என்னடா பண்ணுவ?”

“வந்து தேடறேன்.”

 இடம் மாறி உட்கார்ந்தார்கள். பின் இருக்கையிலிருந்து இரண்டு தலைகளுக்கும் நடுவில் யோனேயின் தலை நுழைந்தது.

“எந்தக் கார? எப்ப? எங்கடி விட்ட?”

தொமியே வண்டியைக் கிளப்பினாள். வீட்டுக்குப் பதினேழு வளைவு இருந்தது, யோனே ஒன்றில்கூடக் கேட்காமல் விடமாட்டாள்.